வீடு இழுத்த பாட்டு

ஆவூரில் சூசைமாணிக்கம் வாத்தியாரின் வீடு மூன்று வருடங்களில் தென்கிழக்காகப் பதினோரு அடி நகர்ந்திருந்தது. சுவரில் விரிசல் இல்லை, ஓடு ஒன்றுகூட விலகவில்லை. மின்சார ஆள் வந்து இரண்டு முறை ஒயரை நீட்டிக் கட்டிவிட்டுப் போனார். வாத்தியாரின் மனைவி அருளம்மாள் துணி துவைக்கும்போது கப்பல்காரர் பாட்டு ஒன்றைப் பாடுவாள். பாடிய அன்று வீடு நகரும், பாடாத அன்று நிற்கும். இது ஊருக்கே தெரியும். பக்கத்து வயல்காரர் ரெங்கசாமிதான் ஒருநாள் வரப்பில் நின்று கேட்டார்.

“வாத்தியாரே, ஒங்க கக்கூசு எங்க உளுந்துக்குள்ள நிக்குது. அறுவடையில அதுக்கும் பங்கு உண்டுங்களா?”

வாத்தியார் மனைவியிடம் பாட்டை நிறுத்தச் சொன்னார். அவள் பேச்சையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், போய்விடுவாள். நாற்பது நாளுக்கு மேல் அவரால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அதை அவளிடம் சொல்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. பாட்டின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தால், வீடு அசையாமல் பாடும் வழியைக் கேட்டு வரலாம் என்று கிளம்பினார். பாட்டு அவள் அம்மாவுக்குக் குளத்தூரிலிருந்து வந்தது. குளத்தூரில் அரிமளத்தைக் காட்டினார்கள், அரிமளத்துப் புளி வியாபாரிகள் ஜெகதாப்பட்டினத்தைக் காட்டினார்கள். அங்கேதான் அவர் மகன் லியோன் படகில் வேலை செய்தான். காலேஜை விட்டுக் கடலுக்குப் போனவனை, இனி வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று மூன்று வருடம் முன்பு சொன்னவர் வாத்தியார்தான். அவனும் வரவில்லை.

கரையில் நாகராசு என்ற மீனவர் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். “பாட்டு எங்களுது இல்லீங்க. ஒங்க பக்கத்துப் பொம்பளைங்க கட்டுனது. பஞ்சத்துல ஆம்பளைங்க கப்பலேறிப் போயி திரும்பலை. அவுங்க இருக்குற எடத்துக்கு வீட்டையே இழுத்துக்கிட்டுப் போகப் பாடுனாங்க. இழுவைக்கு நல்லாருக்கேன்னு நாங்க படகுக்கு வச்சுக்கிட்டோம்.”

வாத்தியார் மணலைப் பார்த்தபடி, மனைவி பாடி வீடு பதினோரு அடி நகர்ந்த கணக்கைச் சொன்னார்.

“மூணு வருசத்துக்கு இம்புட்டுத்தானா? ஏலேலோவுக்கு ஐலசான்னு எதிர்ப்பாட்டு யாரு போடுறா?”

“யாரும் இல்லை.”

“ஒத்தையில இழுக்குதா அந்தம்மா,” என்றார் நாகராசு.

மகன் முன்னால் போய் நிற்க வாத்தியாருக்குத் துணிச்சல் இல்லை. மத்தியான பஸ்ஸிலேயே திரும்பினார். அருளம்மாள் துவைகல்லில் இருந்தாள்.

“பாடு,” என்றார்.

“வயலு?” அதுதான் நாற்பது நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

“ரெங்கசாமிகிட்ட நான் பேசிக்கிறேன். பாடுடி.”

அவள் ஏலேலோ என்று எடுத்தாள். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த குரலில் அவர் ஐலசா போட்டார்.

“சுருதி சேரலைங்க.”

“போகப் போகச் சேரும்.”

உலையில் அரிசி வேகுமுன் வீடு உளுந்து வயலைத் தாண்டிவிட்டது. ஒரு செடி சாயவில்லை. ரெங்கசாமி முன்னால் ஓடி வேலியைப் பிரித்து வழிவிட்டார். புதுக்கோட்டையில் பைபாஸைக் கடக்க ஒரு போலீஸ்காரர் லாரிகளை நிறுத்திக் கொடுத்தார். மாசியில் வீடு அரிமளம் போய்ச் சேர்ந்தது. எப்படியும் கிளம்பிவிடும் வீடு என்று அங்கே கதவு எண்ணைச் சாக்பீஸால்தான் எழுதினார்கள். ஜெகதாப்பட்டினத்தில் சேதி கேட்ட லியோன் சீமைக்கருவேலை வெட்டி இடம் சுத்தம் செய்துவிட்டான். அடுப்படித் தண்ணீருக்கு எங்கிட்டு வாய்க்கால் வெட்டுவது என்று கேட்டுப் போன் செய்தான். வாத்தியாரே எடுத்துப் பேசினார்.