நோயாளி வாகனத்தில் இருந்தால் மட்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில். செவ்வாய்க்கிழமை காலை, பல்வலி என்று போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்த இடம் கேட்டு வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் பொறுமையாகக் காத்திருந்தேன். அவ்வளவுதான் இதன் பிறப்பு.

2

முதல் தொடக்கம்: 'கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாய்...'

(அடித்துவிட்டேன். ஸ்கூட்டரில் வந்தவர் அப்பா. தாய் என்றால் நீங்கள் சீக்கிரம் இரங்குவீர்கள் என்று நினைத்தேன். அவர் அழவும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: நாரணாபுரம் ஜெயபாண்டியின் மகள் ஹர்ஷினிக்குப் பதின்மூன்று வயது. பிறந்ததிலிருந்தே காலும் இடுப்பும் நிலைகொள்ளவில்லை. நாற்காலியில் தனியே விட்டால் ஐந்தே நிமிடத்தில் சரிந்துவிடுவாள். வருஷத்துக்கு வருஷம் அவள் கனத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை வளர்கிறாளே என்று சந்தோஷப்பட்டதும் அவர்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவர்தான்.

இப்படிப்பட்டவர்களைக் கூட்டிவருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி ஒரு சலுகை அட்டை கொடுக்கிறது. வாசலை ஒட்டிய கொட்டகையில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். அட்டை இல்லையென்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பொட்டலுக்குப் போக வேண்டும். ஜெயபாண்டி மகளை வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வண்டியைத் திருப்பினார். வாட்ச்மேன் மாரிக்கண்ணன் கையை நீட்டி மறித்தார்.

"அண்ணாச்சி, புள்ள வண்டில இருந்தாத்தான் கார்டு செல்லும்."

"இப்பத்தான எறக்கிவிட்டேன். அந்தா இருக்கா, பாருங்க."

"பாக்கத்தான் செய்யுதேன். கார்டுல என்ன போட்டுருக்குன்னு நீங்களே வாசிங்க."

ஜெயபாண்டி வாசித்தார்: நோயாளி வாகனத்தில் இருந்தால் மட்டும் செல்லும். வாசித்ததும் முகம் மாறிவிட்டது. போன வருஷம் அந்த அட்டையை அச்சகத்தில் கம்ப்யூட்டரில் அடித்தவரே அவர்தான். வந்த மேட்டரில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்பது அந்தத் தொழிலில் சட்டம். காலண்டர் சீசனில் அர்த்தம் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. பதினைந்து வருஷமாக அவர் எழுத்தைப் பார்ப்பார், வாசிக்க மாட்டார்.

மகளை மறுபடி வண்டியில் ஏற்றி, பத்தடி ஓட்டி, கொட்டகையில் நிறுத்தி, அங்கிருந்து வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தார்.

"எப்பா, அந்த வரிய யாருப்பா எழுதுனது?" என்று கேட்டாள் ஹர்ஷினி.

"யாரோ எழுதுனாக. அடிச்சது நாந்தான்."

"வாசிக்காமயா அடிச்சீக?"*

(*இந்தப் பேச்சு என் காதில் விழவில்லை. என் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கப் போன இடத்தில் அவரே உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகுதான் இதைச் சொன்னார்.)

3

அட்டை தீர்ந்து, மறு ஆர்டர் அதே அச்சகத்துக்கு வந்திருக்கிறது. மேட்டரும் அதேதான். இனி முடிவு.

அ. ஜெயபாண்டி வரியை மாற்றுகிறார். ஆஸ்பத்திரி மேனேஜர், சரிபார்க்க வந்த புரூஃபை வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். (இது நடக்கும். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.)

ஆ. மேனேஜர் வாசித்துவிடுகிறார். ஆர்டர் போகிறது, கூடவே ஜெயபாண்டியின் வேலையும் போகிறது. செவ்வாய்க்கிழமைதோறும் ஹர்ஷினியை ஆஸ்பத்திரிக்கு யார்...

பாதியில் நிறுத்திவிட்டு அவரிடமே கேட்டேன். "என்ன செய்யப் போறீங்க?"

"நீங்க கதைய முடிச்சுக் குடுங்க, அடிச்சிருதேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

4

முடிக்காமலே கொடுத்தேன். நேற்று புரூஃப் வந்தது. எல்லாம் என் எழுத்துப்படியே இருந்தது, ஒரு வரியைத் தவிர. முதல் பகுதியில் நான் எழுதிக் கொடுத்தது: 'பின்னால் பொறுமையாகக் காத்திருந்தேன்.' அவர் அடித்திருந்தது: 'பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன்.'

உண்மைதான். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்வரை அடித்தேன். ஒருமுறை அவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் பொய்யை நீங்களும் பார்க்க வேண்டும் என்று, முதல் பகுதியில் அதையே திரும்பப் போடச் சொல்லியிருக்கிறேன்.

பதினைந்து வருஷத்தில் அவர் மாற்றிய வரிகளில் என்னுடையது முதலாவதா, இரண்டாவதா? தெரியவில்லை. ஆஸ்பத்திரி அட்டையின் புரூஃபும் நேற்றுத்தான் போயிருக்கிறது. நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வருவார்கள். தெரிந்துகொள்ள ஆசையென்றால் நீங்களே போய்ப் பாருங்கள். அவருக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் ஹாரனை மட்டும் அடிக்காதீர்கள்.