மாடியைத் திறந்த ஜுவைரியா

மீன் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது துபாயிலிருந்து கணவன் பர்வேஸ் அழைத்தான்.

"ஜுவைரியா, எங்க ஆபீஸ காலி பண்றாங்க."

அவள் கரண்டியைப் போட்டாள். "யா அல்லாஹ்! வேலை போயிருச்சா மச்சான்?"

"வேலை இருக்கு புள்ள, கட்டடந்தான் இல்ல. கப்பல் சரக்குக்குப் பேப்பர் போடுற வேலைதானே, அவங்கவங்க ஊர்ல இருந்தே பாருங்கன்னுட்டாங்க. நான் வாரேன். திரும்புற டிக்கெட் போடாம வாரேன்!"

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு சூஃபியா பதறி ஓடிவந்தாள். சேதி கேட்டு அவளும் சேர்ந்து கூத்தாடினாள். குழம்பு தீய்ந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கணவனை விடுமுறைக்கு மட்டுமே பார்த்தவள் ஜுவைரியா. சூஃபியாவின் கணவன் இன்னும் மஸ்கட்டில்தான் இருந்தான்.

பர்வேஸ் வந்தான். ஆனால் கீழக்கரையில் யாரும் அவனை வேலையில் இருப்பவனாகவே நினைக்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டார்கள். எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டார்கள். ஒருநாள் அவன் வீடியோ காலில் இருக்கும்போது எதிர்வீட்டு மதார் மாமா உள்ளே நுழைந்து, திரையில் தெரிந்த மேனேஜருக்கும் ஸலாம் சொல்லி, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கே ஜுவைரியா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டு மாடிக்குப் போனாள். தெருவில் பாதி மாடிகள் அப்படித்தான் கிடந்தன. வெளிநாட்டுக் காசில் கட்டி, பளிங்குத் தரை போட்டு, பூட்டி, புறாக்களுக்கு விட்டவை. அவள் கூட்டிக் கழுவி, ஃபைபர் இணைப்பு இழுத்து, இன்வெர்ட்டர் வைத்து, மேசை நாற்காலிகளை வாங்கிப் போட்டாள்.

"எனக்கு ஒருத்தனுக்கு இம்புட்டு எடமா?" என்றான் பர்வேஸ்.

"ஒங்களுக்கு மட்டும்னு யாரு சொன்னா?"

ஊரிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு மாடியில் இடமிருக்கிறது என்று வாட்ஸப்பில் அவள் போட்ட சேதியைப் பார்த்து முதலில் வந்தவள் மாரிச்செல்வி. உத்தரகோசமங்கை பக்கத்துக் கிராமத்துப் பெண். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்து, சிக்னலுக்காகக் கண்மாய்க் கரையில் லேப்டாப்போடு அலைந்துகொண்டிருந்தாள். அவளை பைக்கில் கூட்டிவந்த தகப்பனார் செல்லச்சாமி மாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏத்தா, நாலு பேரு வந்து போற எடம். புள்ளய நம்பி விடலாமா?"

"கீழ நான் இருக்கேன்ல அய்யா. பொம்பளப் புள்ளைகளுக்குக் கடல் பக்கத்து ரூம் தனியா இருக்கு, பாருங்க."

அறையைத் திறந்ததும் காற்று மூவரையும் தள்ளியது. செல்லச்சாமி சிரித்துவிட்டார்.

மாரிச்செல்வி வந்த பிறகு மாடி களைகட்டியது. பெங்களூரை விட்டு வந்த இருவர் சேர்ந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த சூஃபியாவிடம் ஒருநாள் மாரிச்செல்வி கேட்டாள்:

"அக்கா, நீங்க பி.காம்தானே? எங்க கம்பெனில கணக்கு பாக்க ஆள் எடுக்குறாங்க. ஊர்ல இருந்தே பாக்கலாம். எழுதிப் போடுவமா?"

"படிச்சதெல்லாம் மறந்து எவ்வளவு நாளாச்சு!" என்று சூஃபியா மழுப்பினாள். ஜுவைரியா விடவில்லை. மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். நேர்காணலன்று சூஃபியா பதற்றத்தில் தேநீரை மேசையெல்லாம் சிந்தினாள்.

வேலை கிடைத்துவிட்டது. சூஃபியா மஸ்கட்டுக்குப் போன் போட்டு, "நீங்க எப்ப வேணா வாங்க. நான் வேலைக்குப் போறேன்!" என்று கத்தினாள்.

"எங்க?" என்று அவன் பதறினான்.

"பக்கத்து வீட்டு மாடிக்கு!"

திங்கட்கிழமை காலை புதுப் புர்கா போட்டு, பையை மாட்டிக்கொண்டு, தன் வாசலில் இறங்கி அடுத்த வாசலில் ஏறினாள். அவ்வளவுதான் தூரம். ஆனாலும் தெருவே ஜன்னலோரம் நின்று பார்த்தது.

சற்று நேரத்தில் செல்லச்சாமியின் போன் வந்தது. "ஏத்தா, எங்க ஊர்ல இன்னும் மூணு புள்ளைக கேக்குதுக. எடம் இருக்கா?"

ஜுவைரியா மாடியை நோக்கிக் குரல் கொடுத்தாள். "ஏடி சூஃபியா, இன்னும் மூணு பேராம். எங்க ஒக்கார வைக்க?"

மேலேயிருந்து பதில் பறந்து வந்தது. "எங்க மாடியும் சும்மாதானடி கெடக்கு!"