பச்சைப் பாலத்தின் வடக்கு முனை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் பயத்தில் எழுதத் தொடங்கினேன். என்ன பயம் என்பதை நாலாம் பகுதிவரை மறைத்து வைப்பதாகத் திட்டம்.

பினாங்கின் பெருநிலப் பக்கம், சுங்கை பாக்காப் ஊருக்கு உள்ளே, தோட்டத்து ஆற்றின்மேல் ஒரு பழைய இரும்புப் பாலம். ஒரு கார் ஏறினால் எதிரே வருவது காத்திருக்க வேண்டும். போன மாதம் அதன் வடக்குத் தாங்கு சுவரில் விரிசல் கண்டார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பேச்சு. இரண்டு வருட வேலை. அதுவரை அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் பதினாறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

(முதல் தொடக்கம்: 'ஆறு அழுதுகொண்டிருந்தது.' ஆறு அழாது. அடித்துவிட்டேன்.)

(இரண்டாவது: 'இரும்புக்கும் வயதாகும் என்பதை அவன் அன்றுதான்' — இதை முடிக்கத் தெரியவில்லை. கிடக்கட்டும்.)

இடிக்கிற கதை எழுதுவது சுலபம். கடைசியில் தூசி பறக்கும், நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள், முற்றும் போட்டுவிடலாம். பழுது பார்க்கிற கதைக்கு அந்த வசதி கிடையாது.

2

லோகேஸ்வரி, பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடிக்காரி. பாலங்களைச் சோதிக்கும் இன்ஜினியர். என்னுடைய ஒரு வரைவில் அவளை அழவைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவள் அழுகிற ரகமில்லை, அளக்கிற ரகம்.

பட்டர்வொர்த்திலிருந்து வரும் பெர்ரியில் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாலம் ஸ்ட்ராங்கா இருக்கு அண்ணே. சாயத்த சுரண்டிப் பார்த்தேன், உள்ள இரும்பு அப்படியே இருக்கு. வருஷா வருஷம் யாரோ அடிச்சிருக்காங்க."

"நாங்கதான்மா."

உண்மைதான். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, ஊரே கூடிப் பாலத்துக்குச் சாயம் அடிக்கும் கோத்தோங் ரோயோங். எங்கே குடியிருந்தாலும் அன்றைக்கு எல்லாரும் வந்துவிடுவோம். அக்கரைக் கம்பத்துக் கிராமத்திலிருந்து நூர் முகம்மது ஆட்களோடு ஏணி கொண்டு வருவார். நீலமா பச்சையா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, ஒவ்வொரு வருடமும் பச்சைதான் அடிப்போம்.

"அப்புறம் ஏன் விரிசல்?" என்றேன்.

"பாலம் வெயில்ல நீளும்லா. அதுக்குத்தான் வடக்கு முனைய உருளை மேல வச்சிருக்காங்க. யாரோ அந்த உருளைய சுத்தி சிமெண்ட் போட்டு மூடிட்டாங்க. நகர இடமில்லாம சுவத்தப் போட்டுத் தள்ளுது. சிமெண்ட வெட்டி, சுவர சரி பண்ணினா இன்னும் முப்பது வருஷம் ஓடும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். விரிசல மறைக்கத்தான் சிமெண்ட் பூசியிருப்பாங்கன்னு ஆபிஸ்ல சொல்றாங்க. எது முதல்லன்னு பூசின ஆளு எழுதிக் கொடுக்கணும். கோயில்ல கேட்டா ஒருத்தருக்கும் ஞாபகமில்லையாம். அடுத்த வாரம் முடிவு எடுத்துருவாங்க அண்ணே."

நான் கடலைப் பார்த்தேன்.

3

ஆகவே கதைக்கு ஒரு பூசின ஆள் தேவைப்பட்டான். மோகனராஜ் என்று பெயர் வைத்தேன். பிறை நகரில் தொழிற்சாலை வேலை, நல்லவன், கொஞ்சம் அவசரக்காரன். நாலு மூட்டை சிமெண்டில் பச்சைத் தூள் கலந்து, உருளை இருந்த சந்து முழுவதையும் அடைத்துவிடுகிறான்.

அவனை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவன் எங்கே நின்றாலும் எழுத்து விறைத்துக்கொள்கிறது. முடிவுகளையும் முயன்று பார்த்தேன். ஒன்று, மோகனராஜ் ஜொகூருக்கு ஓடிவிடுகிறான். இரண்டு, மோகனராஜ் ஆற்றில் — வேண்டாம், சிமெண்ட் பூசியதற்கெல்லாம் யாரும் ஆற்றில் விழ மாட்டார்கள்.

4

வரைவை லோகேஸ்வரியிடம் கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள்.

"நல்லாதான் இருக்கு. மோகனராஜ் யாரு அண்ணே?"

"கற்பனைமா."

"சிமெண்ட்ல பச்சைத் தூள் கலந்ததுன்னு எழுதியிருக்கீங்க. மேல சாயம் பச்சை, அது ஊருக்கே தெரியும். உள்ளயும் பச்சைன்னு நான் துளை போட்டப்பதான் எனக்கே தெரிஞ்சது. யார்கிட்டயும் சொல்லல."

(இங்கே ஒரு பத்தி இருந்தது. பொய். எடுத்துவிட்டேன்.)

மோகனராஜ் என்று ஒருவன் கிடையாது. பூசியது நான். ஆறு வருடத்துக்கு முன்னால், அந்தச் சந்தில் குப்பையும் எலியும் சேர்கிறதே என்று நாள் முழுக்கக் குனிந்து, கொத்தனாரே தோற்கும்படி வழவழவென்று பூசினேன். அபராதம், வழக்கு எதற்கும் நான் பயப்படவில்லை. என் கையால் செய்ததில் நான் பெருமைப்பட்டது அது ஒன்றுதான். அதுவே பாலத்தைக் கொல்கிறது என்று நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. கோயிலில் எல்லாரும் மறந்ததுபோல் நடித்தது என்னைக் காப்பாற்றத்தான்.

இதையெல்லாம் சொன்னதும் லோகேஸ்வரி திட்டவில்லை. "அப்ப போட்டோ ஏதும் எடுத்தாங்களா?" என்றாள்.

"பொன்னாடை போத்துனாங்கம்மா. எடுக்காம இருப்பாங்களா?"

அலமாரியைக் குடைந்து படத்தை எடுத்தோம். தேதியும் அதிலேயே இருந்தது. தோளில் சரிகைத் துண்டு, கையில் பூச்சுக் கரண்டி, முகத்தில் தாங்க முடியாத பெருமிதம். எனக்குப் பின்னால் வடக்குச் சுவர். அவள் அதைப் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தாள். ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை.

"அண்ணே, இது போதும்," என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அழுகிற ரகமில்லை என்று மேலே எழுதியதைத் திருத்த வேண்டும்.

5

இன்று புதன்கிழமை. படத்தோடு, பூசியது நான்தான் என்று எழுதிய கடிதத்தையும் காலையில் அவள் ஆபிஸில் கொடுத்துவிட்டோம். கீழே திருநாவுக்கரசு என்று தெளிவாகக் கையெழுத்துப் போட்டேன். இடிக்கும் முடிவை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள். நாளை சிமெண்டை வெட்டிப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. நடுப்பகல் வெயிலில் உருளை நகர்ந்தால் பாலம் பிழைக்கும். ஆறு வருட அடைப்பில் துருப்பிடித்து இறுகியிருந்தால் என்ன ஆகும் என்று அவளிடம் கேட்கவில்லை.

"முதல் வெட்டு நான் வெட்டட்டாம்மா?"

"வெட்டுங்க அண்ணே. ஆனா பொன்னாடையெல்லாம் கிடையாதுலா."

முடிவு எழுத என்னால் முடியாது. அது இன்னும் நடக்கவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த நடுப்பகல் கடந்துபோயிருக்கும். அதனால் கடைசி வரியைக் காலியாக விடுகிறேன். நகர்ந்தது என்று எழுதுவதாக இருந்தால், எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். லோகேஸ்வரி கேட்பாள்.

..............................