ஆரஞ்சுத் தோல் போடாத கேக்

1.

இந்தக் கதை கிறிஸ்துமஸ் அன்று காலை பதினொரு மணிக்கு, லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பிறந்தது. அப்பா போனபிறகு ஆறு வருடமாக வீட்டில் கேக் இல்லை. இந்த வருடம் அம்மா வாய்விட்டுக் கேட்டாள். அப்பா செய்வது போலவே, ஒரு சிட்டிகை மாறாமல் செய்தேன். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"ஆரஞ்சுத் தோல் போடலியாடா, நோயலு? அப்பா போடுவாரே."

அப்பா போட்டதே இல்லை.

இருபது வருடமாக வார இதழ்களில் கொலைத் தொடர் எழுதுகிறேன். பொய் சொல்லும் சாட்சியை மடக்கத் தெரியும். உண்மையென்று நம்பிச் சொல்லும் சாட்சியை என்ன செய்வது?

2.

முதல் தொடக்கம்: "ஆம்ப்ரோஸ் சர்க்கரையைக் கருக்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது."

அடித்துவிட்டேன். யாரும் தட்டவில்லை. என் கதைகளில் யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள், பழக்கதோஷம்.

இரண்டாவது: "கேக்கின் மணம் வீடெங்கும் பரவ, அந்த மணத்தில் என் பால்யம்..."

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதைகளை நானே புரட்டிக்கொண்டு போய்விடுவேன்.

மூன்றாவது, சும்மா சொல்வது: அப்பா ஆம்ப்ரோஸ் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். தண்ணீர் குடிக்கத் தவிர சமையலறைக்குள் போகமாட்டார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, சர்க்கரையைக் கறுப்பாகும்வரை காய்ச்சுவார். அவர் கேக் லேசாகக் கசக்கும். முப்பத்தோரு வருடம் தின்றோம்.

வீட்டில் ஓவன் கிடையாது. மாவைக் கலக்கித் தூக்கில் எடுத்துக்கொண்டு முனை பேக்கரியின் விறகடுப்புக்குப் போவோம். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். டின்கள் பேக்கரியுடையவை, எல்லாம் ஒரே மாதிரி. மாவின்மேல் பெயர்ச் சீட்டு வைக்க வேண்டும். வெந்ததும் சீட்டைப் படித்துக் கூப்பிடுவார்கள்.

3.

அப்பா கடைசியாக மாவு கலக்கியது நாற்காலியில் உட்கார்ந்து. கரண்டியைக் கீழே வைக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. (இந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தேன்.) பேக்கரிக்கு நான் போனேன். அன்று காலைதான் ஒரு தொடரின் கடைசி அத்தியாயத்தை அனுப்பியிருந்தேன். ஆம்ப்ரோஸ் என்று எழுத வேண்டிய சீட்டில் கை தானாக சங்கமித்ரா என்று எழுதிவிட்டது.

[குறிப்பு: சங்கமித்ரா நான்தான். இதழாசிரியர் ரவிக்குமார் வைத்த புனைபெயர். வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது.]

நல்ல கூட்டம். பக்கத்தில் கிளெமென்ட், பள்ளிக்கூடத்திலிருந்தே என்னைக் கிண்டல் செய்து உடம்பு வளர்த்தவன். அடுப்புப் பக்கமிருந்து பேக்கரிக்காரர் கோவிந்தப்பா கன்னடம் கலந்து கத்தினார்.

"சங்கமித்ரா யாரம்மா? பேக பா, சீக்கிரம் வா, கை சுடுது!"

கிளெமென்ட் கழுத்தை நீட்டினான். "நம்ம ஏரியால எவடா இந்த சங்கமித்ரா? நோயலு, உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மச்சான்."

"வரட்டும். மூஞ்சியப் பாத்துட்டுதான் போவேன்."

அவன் நின்றான். நானும் நின்றேன். டின்னை ஓரமாக வைத்தார்கள். ஒருவழியாக அவனை டீக்கடைக்கு இழுத்துப் போய் விட்டுவிட்டு, தனியாகத் திரும்பினேன்.

"அந்த சங்கமித்ரா டின்னு?"

"யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். இது ஒண்ணுதான் மிச்சம். சீட்டு கருகிப்போச்சு. உங்களுதா?"

"ஆமா."

(இந்த "ஆமா"வைப் பலமுறை திருத்தினேன். ஒரு வரைவில் கூட்டத்துக்கு நடுவே கையைத் தூக்கி "நான்தான் சங்கமித்ரா" என்கிறேன். கிளெமென்ட் சாகும்வரை சிரிக்கிறான். அப்பாவின் கேக் வீட்டுக்குப் போகிறது. நல்ல வரைவு. நடக்கவில்லை.)

4.

அம்மா ஒரு துண்டு தின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"முப்பது வருஷமா கருக்கிக் கருக்கிக் குடுத்தீங்க. இப்பதாங்க கை வந்திருக்கு! அது என்ன, ஆரஞ்சு வாசனையா?"

அப்பா மெதுவாக மென்றார். என்னைப் பார்த்தார். லேத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பிடித்துவிடுகிற ஆள்.

"ம். தோல் கொஞ்சம் சீவிப் போட்டேன்" என்றார்.

பிப்ரவரியில் இறந்துபோனார். கேக் பற்றிய பேச்சு அதோடு நின்றுவிட்டது. அவர் சுட்ட கடைசி கேக்கைப் பக்கத்துத் தெருவில் ஏதோ ஒரு குடும்பம் "தீஞ்சிருக்கே" என்று சொல்லித் தின்றிருக்கும்.

[முப்பத்தோரு வருடக் கசப்பை மறந்துவிட்டு ஒரே ஒரு டிசம்பரை மட்டும் ஒருத்தி ஞாபகம் வைத்திருப்பாளா என்று கேட்பீர்கள். கதாபாத்திரமாக இருந்தால் நானும் நம்பமாட்டேன்.]

5.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். அம்மா சிரித்து, "எனக்கு அப்பவே தெரியும்டா" என்கிறாள். ரவிக்குமாருக்குப் பிடிக்கும். ஆனால் அம்மாவுக்குத் தெரியாது. அவள் தட்டைத் தள்ளிய விதத்தைப் பார்த்தேன்.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறேன். புருஷன் அவளுக்குக் கொடுத்த கடைசி நல்ல பொருள் வேறு யாரோ சுட்டது என்று ஆகிறது. பொய் சொன்னவர் அவர், அவருக்குப் பொய்யை வாங்கிக் கொடுத்தவன் நான்.

முடிவு மூன்று: அடுத்த வருடம் ஆரஞ்சுத் தோல் சீவிப் போடுகிறேன். "இதான் அவர் கேக்" என்கிறாள் அம்மா. அப்பாவின் கசக்கும் கேக் இனி உலகத்தில்...

போதும்.

6.

ரவிக்குமார் போன் செய்தார்.

"சங்கமித்ரா சார், முடிவு எங்க?"

"வாசகர்கிட்ட விட்டுட்டேன்."

"அடுத்த தடவை கதையையும் அவங்களையே எழுதச் சொல்லிடலாமா?"

நியாயம்தான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளெமென்ட் தமிழ் படிக்கமாட்டான். அம்மா படிப்பாள். பூதக்கண்ணாடி வைத்து என் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். இதழ் வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு கேட்டில் விழும். அவள் மாடியிலிருந்து இறங்க நான்கு நிமிடம் ஆகும். இந்தப் பக்கங்களைக் கிழிக்க அரை நிமிடம் போதும்.

இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் பிரதி முழுதாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிரதியை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறேன்.