கல்யாணத்தோடு அடைத்த மூக்கு

தம்பி அழகுபாண்டியின் கல்யாணத்திலிருந்து விருமாண்டிக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. ஆனால் "கல்யாணத்துல இருந்து" என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. "அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள வந்ததுல இருந்து" என்றுதான் சொன்னான். இரண்டும் ஒரே தேதிதான். இருந்தாலும் அப்படிச் சொல்லிச் சொல்லியே தம்பி பெண்டாட்டி முத்துச்செல்வியை முக்கால் சூனியக்காரி ஆக்கிவிட்டான்.

ஆரப்பாளையத்தில் அண்ணன் கீழ்வீட்டிலும் தம்பி மாடியிலும் இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் இருவருக்கும் பொதுதான். அப்பா போனபிறகு தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவன் விருமாண்டி. தம்பியைப் பார்க்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

முத்துச்செல்வி செய்கிற எதுவும் அவனுக்கு நேராகத் தெரியவில்லை. வாசலில் எலுமிச்சம்பழம் வைத்தால் யாருக்கு வைக்கிறாள் என்று பார்த்தான். கீரைக்கூட்டு கொடுத்தனுப்பினால் தொடமாட்டான். அவன் மனைவி ரோகிணி அதை வழித்துச் சாப்பிட்டாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கென்று வைத்தது அவளை எப்படிப் பிடிக்கும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். சரக்கெடுக்க கோயம்புத்தூர் போனால் மூக்கடைப்பும் கூடவே பஸ் ஏறியது. வெறும் வியாதி இப்படி ஊர் ஊராகத் துரத்துமா என்பது அவன் கேள்வி.

ரோகிணிதான் அவனைத் தல்லாகுளத்தில் டாக்டர் இம்மானுவேலிடம் இழுத்துப் போனாள். அவர் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து ஊசியால் குத்திப் பார்த்தார். எதுவும் தடிக்கவில்லை.

"தூசி, பூனை, கரப்பான், மகரந்தம், எதுவும் உங்களுக்கு ஒவ்வாமை இல்ல. ஆனா நாள்பட்ட மூக்கடைப்பு ஒரே வகை கெடையாது. ஒவ்வாமையால வர்றது ஒரு வகை. அது இல்லாமலே புகை, சென்ட் வாசனை, ஏசி காத்து பட்டா அடைச்சுக்கிறது இன்னொரு வகை. அதுபோக..."

விருமாண்டி அதற்குள் சட்டைக்கையை இறக்கிவிட்டு எழுந்துவிட்டான். இங்கிலீஷ் வைத்தியமே கையை விரித்துவிட்டது, இனி சந்தேகம் எதற்கு? கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு கோடாங்கியைத் தேடிப்போய்க் குறி கேட்டான். அவர் உடுக்கையை அடித்து, "வீட்டுக்குப் புதுசா ஒரு கால் வந்திருக்குப்பா" என்றார். மருமகளோ வாடகைக்காரரோ பூனைக்குட்டியோ, புதுக்கால் வராத வீடு மதுரையில் எங்கே இருக்கிறது? விருமாண்டிக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டான். "நீங்க தனியாப் போயிருங்கடா."

"என்னண்ணே தப்பு செஞ்சோம்?"

"நீ ஒண்ணும் செய்யல."

'நீ' என்பதில் அவன் வைத்த அழுத்தம் மாடிப்படியில் நின்ற முத்துச்செல்விக்கும் கேட்டது. அழகுபாண்டி திருநகரில் வீடு பார்த்தான். புதன்கிழமை சாமான் ஏற்றுவதென்று முடிவானது.

அந்தப் புதன்கிழமை காலையில் ரோகிணி பிடிவாதமாக நின்றாள். "அன்னைக்குப் பாதிப் பேச்சுல எந்திரிச்சு வந்துட்டீங்க. மீதியக் கேட்டுட்டு வருவோம், வாங்க."

டாக்டர் அறைக்குள் உட்கார்ந்ததுமே மூக்கு அடைத்தது. விருமாண்டி சட்டைப்பையிலிருந்து குட்டி பாட்டிலை எடுத்து, அண்ணாந்து இரண்டு பக்கமும் சொட்டு விட்டான்.

"இதை அன்னைக்குச் சொல்லலையே" என்றார் இம்மானுவேல்.

"இது மருந்து இல்ல டாக்டர், சும்மா சொட்டு. அடைச்சா விடுவேன், தொறந்துக்கிரும்."

"எப்பயிருந்து?"

விருமாண்டி யோசித்தான். கல்யாணத்தன்று அவனுக்குக் கடுமையான சளி. தாலி கட்டுகிற நேரத்தில் மூத்தவன் தும்மிவிட்டால் என்ன சகுனம்? நாலு பேர் என்ன பேசுவார்கள்? தம்பி வாழ்க்கைக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதென்று மருந்துக்கடையில் இந்தச் சொட்டை வாங்கி, விடிகாலையிலிருந்து விட்டுக்கொண்டே நின்றான். சளி போன பிறகும் சொட்டு போகவில்லை.

"இந்தச் சொட்டை நாலஞ்சு நாளைக்கு மேல விட்டா, அதோட வேகம் எறங்க எறங்க முன்னைவிட மோசமா அடைக்கும். திரும்ப விடுவீங்க, திரும்ப அடைக்கும். மருந்தாலயே வர்ற மூக்கடைப்பு. அன்னைக்கு நான் சொல்ல வந்த மூணாவது வகை இதுதான்."

முதலில் ஒரு நிம்மதி. அடுத்த நிமிஷமே வீட்டு வாசலில் சாமான் ஏறிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. டாக்டர் வேறொரு ஸ்பிரே எழுதி, சொட்டை நிறுத்தினால் சில வாரம் சிரமமாக இருக்கும் என்று சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வாசலில் லோடு வண்டி நின்றது. கட்டில் ஏறிவிட்டது, அழகுபாண்டி கயிறு கட்டிக்கொண்டிருந்தான். விருமாண்டி நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். கோடாங்கியிடம் போனதையும் மறைக்கவில்லை. "தப்பு எம்மேலதான். எறக்குடா சாமான."

அழகுபாண்டியின் கை கயிற்றில் நின்றுவிட்டது. அவன் முகம் இளகியதை எல்லோரும் பார்த்தார்கள். அவன் முத்துச்செல்வியைப் பார்த்தான்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "மூக்கு நல்லாகட்டும் மாமா. ஒரு வேளை சரியாகலேன்னா?"

விருமாண்டி கட்டிலை இறக்கக் கை வைத்தான்.

"நாளைக்கு ஒங்களுக்கு முட்டி வலிக்கும். கடையில யாவாரம் படுக்கும். அப்ப யாரப் பாப்பீங்க? இம்புட்டு நாளு படியில எறங்குறப்பல்லாம் ஒங்க கண்ணு என் காலையே பாத்துச்சு. இன்னொரு தடவ என்னால முடியாது மாமா."

ரோகிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முத்துச்செல்வி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு வண்டியின் முன்சீட்டில் ஏறினாள். அழகுபாண்டி அண்ணனிடம், "வாரேண்ணே" என்று மட்டும் சொல்லி, கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டான்.

வண்டி நகர்ந்தது. இனி காலையில் எழுந்தால் தம்பி முகத்தில் விழிக்க முடியாது என்பது விருமாண்டியின் நெஞ்சை அறுத்தது. அவளிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தான். ஆனால் அதே நேரம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் போகிறாளே, போவதற்கென்றே காத்திருந்தாளோ என்று உள்ளே ஒன்று கேட்டது. கேட்டதும் அவனுக்கே தன்னைக் கண்டு பயம் வந்தது.