ஒற்றைக் கைக்கு ஒரு கயாக்

நிரோசனின் படகில் நாகரெத்தினம் வேலை செய்த கடைசி நாளில் அவனுடைய இடது கை மணிக்கட்டோடு போனது.

அது வெடி போட்டு மீன் பிடிக்கும் படகு. தண்ணீருக்குள் போய் வெடிக்க வேண்டிய குப்பி, அவன் வீசுவதற்குக் கையை ஓங்கியபோதே வெடித்தது. சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ விரிந்தது. பிறகு பார்த்தால் படகின் அடித்தட்டில் கிடந்தான். கை இருந்த இடத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. முகத்தில் வழிவது இரத்தமா கடல் தண்ணீரா என்று தெரியாமல் நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தான். இரண்டும் உப்பாகத்தான் இருந்தன.

நிரோசன் சாரத்தைக் கிழித்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். கரைக்கு வந்ததும் ஓட்டோவில் ஏற்றி மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான்.

“கோயில் பட்டாசு வெடிச்சதெண்டு சொல்லு. என்ட பேர் உன்ட வாயில வந்தா மற்றக் கையும் இரிக்காது.”

நாகரெத்தினம் அப்படியே சொன்னான். நிரோசன் ஒருநாளும் பார்க்க வரவில்லை.

நாவற்குடாவில் வீட்டோடு கிடந்த மாதங்களில் அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சோற்றுப் பானையை உதைத்தான். கதவுப் பலகையை உடைத்தான். ஒருநாள் மொட்டைக் கையாலேயே சுவரில் குத்தி, ஆறியிருந்த காயத்தைப் பிளந்துகொண்டான். மனைவி அன்னப்பூரணி களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கருவாடு விற்றுவிட்டு வந்தபோது சுவரெல்லாம் இரத்தம். அவள் பழைய சீலையைக் கிழித்துக் கட்டினாள்.

“இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு? சொல்லுங்க.”

“கடலுக்குப் போகணும்.”

“ஒத்தைக் கையால துடுப்புப் போட ஏலுமா?”

“ஏலாது. கால் ரெண்டும் இரிக்குத்தானே?”

கல்லடிப் பக்கம் வாவியில் வெளிநாட்டுக்காரர்கள் கயாக் என்ற ஒற்றை ஆள் தோணியை ஓட்டுவதை அவன் பார்த்திருந்தான். அதில் ஒன்று துடுப்பில்லாமல், சைக்கிள் மாதிரிக் காலால் மிதித்தே ஓடியது. அந்தக் கயாக்குகளைக் காத்தான்குடியில் நளீர் என்ற பைபர் வேலைக்காரன்தான் செய்கிறானென்று விசாரித்து அறிந்து, இருவரும் அவனுடைய பட்டறைக்குப் போனார்கள்.

நளீர் மொட்டைக் கையை ஒருமுறை பார்த்தான். எப்படிப் போனதென்று கேட்கவில்லை.

“மூணு அச்சு வெச்சிரிக்கன் அண்ணன். எதுக்கும் பெடல் பூட்டலாம். எது சரியெண்டு தண்ணிலதான் பாக்கணும்.”

முதலாவது அகலமானது, அடி தட்டை. இரண்டாவது நீளமாக, ஒல்லியாக, அடி உருண்டையாக இருந்தது. மூன்றாவதின் அடியில் இரண்டு மேடுகள், நடுவே வாய்க்கால் போல ஒரு பள்ளம். இருக்கை மிகவும் தாழ்வு. உட்கார்ந்தால் இடுப்பு நனையும் போலிருந்தது.

வாவியில் இறக்கிப் பார்த்தார்கள். ஒல்லியானதில் நாகரெத்தினம் உட்காரும் முன்பே கவிழ்ந்தான். தட்டையானது வாங்குப் பலகை மாதிரி அசையாமல் நின்றது. அதில் எழுந்து நின்றான். நளீர் விளிம்பைப் பிடித்து ஆட்டியும் விழவில்லை.

“இதுதான் வேணும்,” என்றான்.

“இது வாவி,” என்றாள் அன்னப்பூரணி. “நீங்க போப்போறது கடலுக்கெல்லா? அங்க கொண்டு போய்ப் பாப்பம்.”

அடுத்த நாள் காலையில் நாவற்குடாக் கடற்கரையில் தட்டைக் கயாக்கை இறக்கினார்கள். கரையலையைத் தாண்டும்வரை நன்றாகத்தான் போனது. பக்கவாட்டில் ஓர் அலை எழும்பியபோது, அந்தத் தட்டை அடி அலையின் சரிவோடு சேர்ந்து அப்படியே சரிந்தது. நாகரெத்தினம் தலைகீழாக விழுந்தான். வெளியே வந்து ஒரு கையால் விளிம்பைப் பிடித்தான். கயாக்கின் மேல்தட்டு உயரம், நெஞ்சை ஏற்ற முடியவில்லை. மொட்டைக் கை பைபரில் வழுக்கியது. அடுத்த அலை கயாக்கைத் தூக்கி அவன் நெற்றியில் அடித்தது. அதற்கடுத்தது அவனையும் கயாக்கையும் சேர்த்து உருட்டி மணலில் எறிந்தது. புருவம் கிழிந்து கண் இரத்தத்தால் மூடியிருந்தது. நளீர் இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தான்.

நாகரெத்தினம் எழுந்து, கிடந்த கயாக்கை உதைத்தான். மறுபடி உதைத்தான். கால் நகம் பெயரும்வரை உதைத்தான்.

“கவிழாத தோணி கடல்ல இல்ல அண்ணன்,” என்றான் நளீர், மூச்சு வாங்கிக்கொண்டு.

அன்னப்பூரணி புருவத்தில் சீலைத் துண்டை அழுத்திப் பிடித்தபடி சொன்னாள்: “அப்ப விழாமப் போறதெப்படியெண்டு பாக்கிறத விடுங்க. விழுந்தா ஒத்தைக் கையால ஏறக்கூடியது எது? அதச் சொல்லுங்க.”

நளீர் மூன்றாவதைக் கொண்டுவந்தான். பக்க அலையில் அது கொஞ்சம் சாய்ந்துவிட்டு நிமிர்ந்தது. இரண்டு மேடுகளும் தண்ணீரைக் கவ்விப் பிடித்தன. நளீர் வேண்டுமென்றே விளிம்பில் தொங்கிக் கவிழ்த்தான். தட்டு தாழ்வாக இருந்ததால் நாகரெத்தினம் நெஞ்சைப் போட்டுவிட்டான்; ஆனால் பிடித்து இழுக்க ஒன்றுமில்லாமல் பின்னுக்கு வழுக்கினான். கரையிலிருந்து அன்னப்பூரணி கத்தினாள்: “எதிர்ப்பக்க விளிம்புல ஒரு கயிறு கட்டு தம்பி! எட்டிப் பிடிக்கட்டும்!”

கயிறு கட்டிய பிறகு ஏறினான். திரும்பத் திரும்பக் கவிழ்த்து, திரும்பத் திரும்ப ஏறினான். நெஞ்சுத் தோல் உரிந்து எரிந்தது. அது மற்ற இரண்டையும்விட மெதுவாகப் போகும், எப்போதும் நனைக்கும் என்று நளீர் எச்சரித்தான். நாகரெத்தினம் அதையே எடுத்துக்கொண்டான்.

தூண்டில் கயிற்றை இடது முழங்கையில் சுற்றி, வலது கையால் இழுக்கப் பழகினான். பாரை பட்டது. சீலா பட்டது. சீலாவின் பல் ஒருமுறை அவன் தொடையைக் கிழித்தது. அன்றும் சிரித்துக்கொண்டுதான் கரைக்கு வந்தான். கரைக்குக் கிட்ட மீன் குறைந்தபோது, வெளியே, கடலடியில் பாறைத் திட்டாய்க் கல்லுப்பார் இருக்கும் இடத்துக்கு மிதித்தான். நிரோசன் வெடி போடும் இடமும் அதுதான்.

நாகரெத்தினம் அங்கே மிதந்துகொண்டிருந்தால் நிரோசனால் வெடி போட முடியவில்லை. கண்ட சாட்சி ஒன்று கடலில் கிடக்கிறதே. இரண்டு தடவை படகைத் திருப்பிக்கொண்டு போனான். பிறகு கரையில் காத்திருந்தான்.

கயாக்கை மணலில் ஏற்றிய நாகரெத்தினத்தின் தோளில் முதல் அடி விழுந்தது. திரும்புவதற்குள் வயிற்றில் உதை.

“நேவிக்கு ஆர்ரா சொல்லுற? நீயா?”

“நான் ஆருக்கும் ஒண்ணும் சொல்லல்ல.”

“அப்ப என்ட பார்ல உனக்கென்ன வேல?”

“உன்ட பாரா? கடல் உன்ட கொப்பன் வெட்டின குளமா?”

நிரோசன் அவனைத் தள்ளி விழுத்தி, மொட்டைக் கையின் மேல் ஏறி நின்றான். நாகரெத்தினம் அலறினான். கருவாட்டுக்கு மீன் எடுக்க வந்திருந்த அன்னப்பூரணி, கையில் இருந்த மீன் கூடையால் நிரோசனின் முகத்தில் ஓங்கி அடித்தாள். மூக்கு உடைந்து இரத்தம் வழிந்தது. நிரோசனின் மச்சான் நிலோஜன் ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போனான். நிரோசன் தன் அக்கா சர்மிலாவின் புருசன் என்பதற்காகத்தான் நிலோஜன் அந்தப் படகில் என்ஜின் பிடித்தான்.

“கடல்ல சந்திப்பம்டா,” என்று போகும்போது நிரோசன் கத்தினான்.

அன்னப்பூரணி அன்றிரவு அழுதாள். “கரையோட தொழில் செய்யுங்க. பாருக்குப் போகாதீங்க.”

“இன்னம் என்னத்தைப் பிடுங்கப் போறான் அவன்?” என்று கேட்டுவிட்டு நாகரெத்தினம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் போனான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என்ஜின் சத்தம் கேட்டபோது அவன் தூண்டிலை இழுத்துக்கொண்டிருந்தான். படகு நேரே அவனை நோக்கி வந்து, தொடும் தூரத்தில் விலகிப் போனது. அதன் அலை கயாக்கைத் தூக்கிப் போட்டது. கயாக் சாய்ந்து நிமிர்ந்தது. படகு திரும்பியது. இந்தமுறை விலகவில்லை. படகின் முன்முனையான அணியம் கயாக்கின் பக்கத்தில் ஏறி, அதை உருட்டிக்கொண்டு போனது. நாகரெத்தினத்தின் முழங்காலில் ஏதோ நொறுங்கியது. படகின் அடி அவன் முதுகின் மேலாக உரசிக்கொண்டு போவதைத் தண்ணீருக்குள் உணர்ந்தான். புரொப்பெல்லர் காதருகே இரைந்து கடந்தது.

மேலே வந்து, கவிழ்ந்த கயாக்கைப் புரட்டி நிமிர்த்தினான். நெஞ்சைப் போட்டான். எதிர்ப்பக்கக் கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தான். முழங்கால் உதவவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மொட்டைக் கையை இருக்கையின் விளிம்பில் ஊன்றி, ஒரு மீனைப் போலத் துள்ளி மேலே விழுந்தான்.

நிமிர்ந்து பார்த்தபோது நிரோசன் அணியத்தில் நின்றான். கையில் குப்பி. மற்றக் கையில் லைட்டர்.

“அத்தான், வேணாம்!” பின்னாலிருந்து நிலோஜன் கத்தினான். “கொலை அத்தான் அது! ஆளக் கொல்லப் போறயளா?”

“நீ மூடிக்கொண்டு ஓட்டு!”

திரி பற்றியது. நாகரெத்தினத்துக்கு உடம்பெல்லாம் விறைத்தது. போன கையின் விரல்கள் ஐந்தும் ஒரே நேரத்தில் நெருப்பாய் வலித்தன. நிரோசன் கையை ஓங்கினான். அந்தக் கணத்தில் நிலோஜன் என்ஜினைப் பலம் கொண்ட மட்டும் ஒடித்துத் திருப்பினான்.

படகு ஒரு பக்கமாகக் கிறுகியது. நிரோசன் கால் தடுக்கி, கையிலிருந்து நழுவிய குப்பியோடு கடலுக்குள் போனான்.

கடல் உள்ளிருந்து இடித்தது. தண்ணீர் வெள்ளைத் தூணாய் எழும்பி விழுந்தது. கயாக்கின் அடியில் சம்மட்டியால் அடித்தது போலிருந்தது, பைபரில் கீறல் ஓடியது. நாகரெத்தினத்தின் காதுகள் அடைத்து, ஒரு காதிலிருந்து இரத்தம் வந்தது. ஆனால் அவன் தண்ணீருக்கு மேலே இருந்தான்.

சுற்றிலும் மீன்கள் வயிறு மேலாக மிதந்து வந்தன. அவற்றுக்கு நடுவே நிரோசனும் வந்தான். முகம் மட்டும் வெளியே. மூக்கிலும் வாயிலும் இரத்தம் நுரைத்தது. கை கயாக்கை நோக்கி நீண்டது.

பெரிய மீனைக் கொளுவி ஏற்றும் இரும்புக் கொக்கித் தடி நாகரெத்தினத்தின் காலடியில் கட்டியிருந்தது. அதை உருவியெடுத்தான். ஆஸ்பத்திரி வாசல் ஞாபகத்துக்கு வந்ததா, மணலில் மிதிபட்ட கை ஞாபகத்துக்கு வந்ததா, அவனுக்குப் பிற்பாடும் சொல்லத் தெரியவில்லை. ஓங்கி இறக்கினான். கொக்கி நிரோசனின் தோள் சதையில் எலும்புவரை போனது. இழுத்தான். இழுத்துத் திரும்பவும் ஓங்கினான்.

நிரோசன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கத்தவும் இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

ஓங்கிய தடி அப்படியே நின்றது.

“அண்ணன், பிடிங்க! தண்ணிக்குள்ள தாண்டு போறார்!” நிலோஜன் அழுதுகொண்டே படகைக் கிட்டக் கொண்டுவந்தான்.

நாகரெத்தினம் தடியைப் போட்டுவிட்டு நிரோசனின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தான். இருவருமாகச் சேர்ந்து அவனைப் படகில் ஏற்றினார்கள். கயாக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். வழி முழுக்க நிரோசனின் தலை நாகரெத்தினத்தின் மடியில் கிடந்தது. தோள் காயத்தை அவன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தான். விரல்களுக்கிடையால் இரத்தம் வந்துகொண்டேயிருந்தது.

ஆஸ்பத்திரியில் வாசலோடு விடவில்லை. நொண்டிக்கொண்டு உள்ளே கட்டில்வரை போனான்.

நிரோசன் இரண்டு நாள் கிடந்து செத்தான். தண்ணீருக்குள் வெடித்தபோதே ஈரலும் குடலும் சிதைந்துவிட்டனவாம். தோள் காயத்தால் சாகவில்லையென்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். நிலோஜன் பொலிசில் நடந்ததை நடந்தபடி சொன்னான். படகில் மீதிக் குப்பிகள் கிடந்ததால் அவனை ரிமாண்டில் வைத்தார்கள். நாகரெத்தினமும் கொக்கியைப் பற்றி மறைக்காமல் சொன்னான். அவனைப் பிணையில் விட்டார்கள்; வழக்கு இருக்கிறது.

செத்தவனுக்கு எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு கழிந்த மறுநாள் சர்மிலா வந்தாள். படலையைத் தள்ளிக்கொண்டு நேரே முற்றத்துக்கு வந்து, முழங்காலில் கட்டோடு கதிரையில் இருந்த நாகரெத்தினத்தின் முன்னால் நின்றாள்.

“அவர் தோள்ல ஒரு ஓட்டை இரிந்த. நீங்கதானா?”

“ஓம்.”

“அதப் போடக்குள்ள அவருக்கு உயிர் இரிந்தயா?”

அன்னப்பூரணி குசினி வாசலில் நின்றபடி இல்லையென்று சொல்லும்படி தலையை அசைத்தாள்.

“இரிந்த,” என்றான் நாகரெத்தினம். “கைய நீட்டிக்கொண்டு வந்தான். நான் குத்தினன்.”

சர்மிலா குசினிச் சுவரோரம் அடுக்கியிருந்த விறகில் ஒன்றை உருவினாள். முதல் அடி அவன் தோளில் விழுந்தது. அடுத்தது காதோடு. அவன் கையைத் தூக்கவில்லை. அவள் அடித்தாள், அடித்தாள். கதிரை சரிந்து அவன் நிலத்தில் விழுந்தான். அவள் குனிந்து முதுகில் அடித்தாள். அன்னப்பூரணி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

“விடு புள்ள,” என்றான் நாகரெத்தினம் மண்ணில் கிடந்தபடி.

“விட ஏலாது,” என்று அன்னப்பூரணி விறகைப் பறித்து வேலிக்கு அப்பால் எறிந்தாள். “நீங்க வாங்கத் தயாரெண்டா, நான் பாத்துக்கொண்டிரிக்கத் தயாரில்ல.”

சர்மிலா அப்படியே முற்றத்தில் குந்திவிட்டாள்.  அவள் உள்ளங்கையில் விறகுச் சிராய் ஏறி இரத்தம் கசிந்தது. அன்னப்பூரணி ஊசி கொண்டுவந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்தாள்.