இருபதாவது பெயர்

1

இது ஒரு பிரிவுபசாரப் பேச்சாக இருந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரேலியா கந்து அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாள். "நீதான் எழுதுற ஆளாச்சே, ரெண்டு பக்கம் எழுதி வாசிச்சிடு" என்றார் எங்கள் தலைமை அலுவலர் வெர்னன் கோலர். டெக்சஸின் லோமா செக்கா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), சிறார் நன்னடத்தை அலுவலகத்தில், பதினெட்டு வருடமாகப் பட்டியல் தட்டுகிற எழுத்தர் நான். தப்பு செய்து பிடிபட்ட பிள்ளைகளை அடைத்து வைக்காமல், வீட்டிலேயே விட்டுக் கண்காணிப்பது எங்கள் வேலை. வெர்னன், ஒரேலியா, நான், மூன்றே பேர். என் பெயர் கோமதி. ஒரேலியா வாயில் அது 'கோமா' ஆகிவிட்டது. ஸ்பானிய மொழியில் கோமா என்றால் காற்புள்ளியாம். "நீ எங்கயும் முடிக்க மாட்டே, இழுத்துக்கிட்டே போவே. சரியான பேருதான்" என்பாள்.

ஆங்கிலத்தில் உட்கார்ந்தேன். "ஒரேலியா இருபத்தாறு வருடங்கள் இந்தக் கவுண்டியின் பிள்ளைகளுக்காக" என்று தொடங்கி, அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. இரண்டு வாரம் அப்படியே கிடந்தது. பிறகு தமிழில் எழுதத் தொடங்கினேன். இருநூறு மைல் சுற்றளவில் இதைப் படிக்கத் தெரிந்தவர் என் கணவர் ஒருவர்தான், அவரும் படிக்க மாட்டார். (ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிற வேலை இது. தெரிந்தேதான் செய்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "பருத்திக் காடுகளின் மேல் ஓயாத காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு" — அடித்துவிட்டேன். காற்று இங்கே எப்போதும் வீசுகிறது. நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "ஒரேலியாவின் கணவன் பேட்டோவுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. அவள் வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போய்விடும்." இது சுத்தப் பொய். பேட்டோ டயர் கடை வைத்திருக்கிறான், உருட்டிவிட்ட பாறை மாதிரி இருக்கிறான். ஒரேலியா செய்ததற்கு ஒரு நல்ல காரணம் தேடி, அவன் உடம்பில் நோயை நான்தான் வைத்தேன். அந்தச் சிறுநீரகத்தோடு நான்கு பக்கம் எழுதினேன். கதை ஓடியது. என் கண்ணே கலங்கியது. அப்புறம் வெட்கமாகிக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது தொடக்கம்: "பத்தொன்பது என்று சொன்னது நான்."

சரி. இதிலிருந்து போகலாம்.

3

ஐந்து வருடங்களுக்கு முன், ஜூலைக் கடைசி. மாநில அரசின் ஆண்டு ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு முடிகிறது. எங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல் மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலிருந்து வரும் உதவிப் பணம்தான். அன்றைய தேதிக்கு எத்தனை பிள்ளைகள் மேற்பார்வையில் இருக்கிறார்கள் என்று பட்டியல் அனுப்ப வேண்டும்.

"எத்தனை வருது கோமா?" என்றார் வெர்னன். அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"இன்னைக்கு இருபது. பத்தாம் தேதி யதிரா கினோனெஸ் முடிச்சிட்டுப் போறா. அப்புறம் பத்தொன்பது."

வெர்னன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போச்சு. இருபதுக்குக் கீழ போனா நம்மளப் பக்கத்துக் கவுண்டியோட சேர்த்துடுவாங்க. அப்புறம் இங்க ஒரு அலுவலர் போதும்."

அந்த ஒருவர் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"எழுபது மைல் தள்ளி ஆபீஸா?" என்றாள் ஒரேலியா. "இந்தப் பிள்ளைங்களோட அம்மாமாருக்குக் காரே கிடையாது. மாட்டு லாரியில தொத்திக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"நான் என்ன சட்டமா போட்டேன்? நடக்கிறதச் சொல்றேன்."

அவள் சொன்னது உண்மை. அலுவலகம் போனால் பிள்ளைகள் திண்டாடுவார்கள். அது அவள் கவலை. தன் நாற்காலியும் அவள் கவலை. இரண்டில் எது முதலில் வந்தது என்று பிற்பாடு ஒருநாள் காரில் என்னிடம் அவளே கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

மத்தியானம் அவள் யதிராவின் கோப்பை எடுத்துப் புரட்டினாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் ஒரு பெண்ணைத் தட்டால் அடித்து முன்பல்லை உடைத்தவள் யதிரா. வயது பதினைந்து. ஆறு மாத மேற்பார்வை. நாய்க் காப்பகத்தில் நாய்களைக் குளிப்பாட்டி முடித்தாயிற்று. கோபத்தை அடக்கப் பன்னிரண்டு வகுப்பு, அதுவும் முடிந்தது. ஆனால் பதினோரு கையெழுத்துதான் இருந்தது. ஏப்ரல் ஒன்பதாம் தேதிக் கட்டம் காலி. வகுப்பு எடுப்பவர் மறதிக்காரர், பலமுறை இப்படி ஆகியிருக்கிறது. ஒரு போன் போட்டால் முடிகிற விஷயம்.

ஒரேலியா போன் போடவில்லை.

4

யதிராவின் அம்மா நெல்டா, முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்கிறவள். ஒரேலியா போனபோது அப்போதுதான் வேலையிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தாள்.

"ஒரே ஒரு மாசம் நெல்டா. பேப்பர்ல ஒரு வகுப்பு குறையுது, வேற ஒண்ணும் இல்ல. செப்டம்பர்ல நானே முடிச்சுத் தந்துடறேன்."

"நீங்க சொன்னா சரிதான் மிஸ்."

யதிரா கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். "எந்த வகுப்பு மிஸ்?"

"ஏப்ரல் ஒன்பது."

யதிரா யோசித்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது. "அன்னைக்குத்தான் ஆலங்கட்டி மழை! காருக் கண்ணாடி போச்சு போச்சுன்னு கத்திக்கிட்டே ஓட்டுனீங்களே! நீங்கதானே மிஸ் என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?"

ஒரேலியாவுக்கு அந்த மழை நினைவிருந்தது. சாலையோரம் நிறுத்திவிட்டு இருவரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவிருந்தது.

"அது வேற நாளு கண்ணு."

"இல்ல மிஸ், அன்னைக்கு நான்"

"யதி!" என்றாள் நெல்டா. "மிஸ்கிட்ட எதிர்த்துப் பேசாத. உனக்காகத்தானே வந்திருக்காங்க."

யதிரா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் உதடு அசைந்தது. கோபம் வந்தால் மனசுக்குள் பத்துவரை எண்ணு என்று அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எதிரே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஒரேலியா. பத்து வந்ததும் யதிரா, "சரி மிஸ்" என்றாள்.

நெல்டா நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டாள். கிளம்பும்போது துணியில் சுற்றி நான்கு டார்டியா ரொட்டி கொடுத்தாள், கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு. தெருமுனை தாண்டியதும் காரை நிறுத்தி நான்கையும் ஒரேலியா தின்று தீர்த்தாளாம். பசியே இல்லை, ஆனாலும் தின்றேன் என்றாள்.

(இந்த இடத்தில் அவள் அழுததாக ஒரு வரி எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. எடுத்துவிட்டேன்.)

5

என் பங்கைப் பத்தொன்பதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எழுதும்போது முடியவில்லை.

அலுவலகக் கார் எங்கே போனாலும் ஒரு தாளில் குறித்து வைப்பார்கள், அதைக் கணினியில் ஏற்றுவது நான். ஒரேலியாவின் நீட்டிப்புத் தாள் என் மேசைக்கு வந்தபோது ஏப்ரல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் தேதி: யதிரா கி., வகுப்புக்குக் கொண்டுவிட்டுத் திரும்ப அழைத்து வந்தது, பதினான்கு மைல். ஒரேலியாவின் கையெழுத்து.

பக்கத்தை மூடினேன். நீட்டிப்புத் தாளை நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். என் மகள் அப்போது கல்லூரியில்

வேண்டாம். அதுவும் பேட்டோவின் சிறுநீரகம் மாதிரிதான்.

6

ஆகஸ்ட் இருபத்திரண்டு, சனிக்கிழமை. பக்கத்துக் கவுண்டியில் யதிராவின் பெரியம்மா மகளுக்குக் கின்சே. பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைவதை இவர்கள் கல்யாணம்போல் கொண்டாடுவார்கள். தோழிகளில் ஒருத்தி யதிரா. தரையைத் தொடும் கத்தரிப்பூ நிறக் கவுன்.

மேற்பார்வையில் இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் கவுண்டியைத் தாண்டக்கூடாது. யதிரா கேட்கவில்லை.

மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் இரண்டு விடலைகள் அடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. சுற்றி நின்ற ஒன்பது பேரின் பெயரையும் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். எட்டுப் பேரை வீட்டுக்குப் போ என்றார்கள். ஒன்பதாவது பெயருக்கு நேரே 'மேற்பார்வையில் உள்ளவர்' என்று வந்தது.

எங்கள் கவுண்டியில் சிறார் காப்பகம் கிடையாது. நூற்றுப்பத்து மைல் போக வேண்டும். கொண்டுபோய்ச் சேர்ப்பது நன்னடத்தை அலுவலரின் பொறுப்பு. ஒரேலியா போனாள். கையில் விலங்கு, காலில் சங்கிலி, விதி அது. காரில் ஏறும்போது கவுனின் சரிகை விளிம்பு சங்கிலியில் சிக்கிக்கொண்டது. வெயிலில் மண்டியிட்டு அதை விடுவித்தாள் ஒரேலியா.

முப்பது மைல் தாண்டித்தான் யதிரா வாயைத் திறந்தாள்.

"அனுமதி கேட்கணும்னு தோணவே இல்ல மிஸ். பத்தாம் தேதியோட முடிஞ்சிடும்னு எப்பவோ மனசுல பதிஞ்சு போச்சு."

"ம்."

"ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள வந்துட்டாங்க. மூணு மாசம் ஒத்திகை பார்த்தோம்."

ஒரேலியா ஒரு கடையில் நிறுத்தி பர்கர் வாங்கி வந்து நீட்டினாள்.

"வேணாம் மிஸ். டிரெஸ்ல படும். வாடகை டிரெஸ்."

திங்கட்கிழமை விசாரணை. கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். யதிராவுக்கு நீதிமன்றம் அமர்த்திய வக்கீல் அவளை அன்று காலைதான் முதன்முதலாகப் பார்த்திருந்தார். நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "ஆறு மாசம்னுதானே உத்தரவு? ஏன் இன்னும் முடியல?"

"ஒரு வகுப்புக்கு வரல, ஐயா" என்றாள் ஒரேலியா.

யதிரா திரும்பி அவளைப் பார்த்தாள். நான் மடியில் இருந்த கோப்பைப் பார்த்தேன்.

பத்து நாள்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று அன்று அவள் காப்பகத்தில் இருந்தாள். பட்டியலில் இருபதாவது பெயராகவும் இருந்தாள். அக்டோபரில் ஆஸ்டினிலிருந்து கடிதம் வந்தது. உதவிப் பணம் சென்ற வருடத்து அளவே. கவுண்டியில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் வசிக்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இருபது என்ற எண் எங்கேயும் இல்லை. இரண்டு முறை தேடினேன்.

"எங்கேயோ கேள்விப்பட்டேன். போன வருஷக் கூட்டத்துல யாரோ சொன்னாங்க" என்றார் வெர்னன்.

7

இங்கே கதையை முடிக்க மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கடிதம் வந்த அன்றே ஒரேலியா நீதிபதியிடம் போய் உண்மையைச் சொல்கிறாள். நன்றாக இருந்தது. அவள் போகவில்லை. ஒருநாள் என் மேசைக்கு வந்து, "அந்த ஏப்ரல் பக்கம் இருக்கா?" என்றாள். "இருக்கு" என்றேன். "சரி" என்று தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டு: யதிரா கெட்டுப்போகிறாள், எங்கள் இருவருக்கும் தண்டனைபோல. இதை எழுதும்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதைக் கண்டுகொண்டதும் நிறுத்திவிட்டேன். நான் அழுவதற்காக அவள் ஏன் கெட வேண்டும்?

மூன்று: யதிரா ஒருநாள் வந்து எங்கள் முகத்துக்கு நேரே கத்துகிறாள். இதைத்தான் மிகவும் ஆசைப்பட்டு எழுதினேன். ஏனென்றால் அவள் வந்தாள்.

8

இந்த வருடம் மார்ச் மாதம். இருபது வயது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அம்மா வேலை செய்யும் இல்லத்திலேயே நர்ஸ் உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். பழைய கோப்பை யாரும் பார்க்க முடியாதபடி மூடி முத்திரையிட்டால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எப்படி இருக்கீங்க மிஸ்? இளைச்சுட்டீங்களே!" என்று ஒரேலியாவைக் கட்டிக்கொண்டாள். "அம்மா கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க. அன்னைக்கு அவ்ளோ தூரம் நீங்களே கார்ல கொண்டுபோய் விட்டீங்கன்னு இன்னமும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

அதற்கான மனுவில் ஒரு கேள்வி: மேற்பார்வை நீட்டிக்கப்பட்டதா, ஆம் எனில் காரணம். ஒரேலியாவின் பேனா அங்கே நின்றுவிட்டது. நான் எதிர் மேசையில் இருந்தேன். யதிரா எட்டிப் பார்த்தாள்.

"அதுவா? ஒரு வகுப்பு விட்டுட்டேன்ல மிஸ். ஏதோ மழைன்னு போகாம வீட்டுலயே இருந்துட்டேன்." சிரித்தாள். "அப்போ போகாத வகுப்புக்குப் போனேன்னு உங்ககிட்ட வேற சாதிச்சேன், ஞாபகம் இருக்கா? எவ்ளோ கோபம் எனக்கு அப்போ. ஸாரி மிஸ்."

ஒரேலியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பரவாயில்லம்மா" என்றாள். "அதெல்லாம் பழசு."

எழுதினாள். தாள் என் மேசைக்கு வந்தது. முத்திரை குத்தினேன். யதிரா எனக்கும் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள்.

எங்கள் ஜன்னலிலிருந்து கார் நிறுத்துமிடம் தெரியும். அவளுடையது பழைய கார், சாவியைத் திருப்பினால் இருமிக்கொண்டே இருந்தது, கிளம்பவில்லை. நாலைந்து தடவை முயன்றாள். இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும். இறங்கி ஓடினால் இருபது தப்படி.

அந்த இரண்டு நிமிடத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஒரேலியாவை எழுப்பி அனுப்புவீர்களோ, என்னை அனுப்புவீர்களோ, உங்கள் விருப்பம். கார் கிளம்பும் வரை நாங்கள் இருவரும் உட்கார்ந்துதான் இருந்தோம்.